ஏழாம் பெட்டி கழன்றால்?

பேனாவை எடுக்க நினைக்கிறீர்கள். உடனே கை நீள்கிறது. மூளை இட்ட ஆணை கைக்கு எப்படி வந்தது? மூளையிலிருந்து ஆணை முதலில் தண்டுவடத்துக்கு வருகிறது. அங்குள்ள இயக்க நரம்பணுக்கள் அதை வாங்கித் தசைகளுக்கு அனுப்புகின்றன. இந்த நரம்பணுக்கள் அழிந்தால் ஆணை தசையை எட்டாது. வேலையற்ற தசை நாளடைவில் மெலிந்துவிடும்.

இதுவே தண்டுவடத் தசைநலிவு நோய். சுமார் 10,000 குழந்தைகளில் ஒன்று இந்நோயுடன் பிறக்கிறது. கடுமையான வகையில் குழந்தைக்குத் தலை நிற்காது, உட்காரவும் வராது. மூச்சுக்கு உதவும் தசைகளும் தளரும். மருந்து இல்லாத காலத்தில் இக்குழந்தைகளில் பெரும்பாலோர் மூச்சுக் கருவியின் துணையின்றி இரண்டு வயதைத் தாண்டவில்லை.

நோயின் மூலம்

1995-இல் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானிகள் இதற்குக் காரணமான மரபணுவைக் கண்டறிந்தனர். எஸ்.எம்.என்.1 என்பது அதன் பெயர். நரம்பணு உயிர்வாழத் தேவையான ஒரு புரதத்தைச் செய்யும் குறிப்பு அதில் உள்ளது. இந்நோயாளிகளிடம் அது இல்லை, அல்லது பழுதாகியுள்ளது.

ஆனால் எஸ்.எம்.என்.2 என்ற இரட்டைப் பிறவி அவர்களிடம் உண்டு. அது ஏன் கைகொடுக்கவில்லை? மரபணுவின் செய்தி முதலில் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது. பிறகு வேண்டாத பகுதிகள் வெட்டப்பட்டு, வேண்டியவை ரயில் பெட்டிகளைப்போல் கோக்கப்படுகின்றன. எஸ்.எம்.என்.2-இல் ஓர் எழுத்து மாறியிருப்பதால் ஏழாம் பெட்டி பெரும்பாலும் கழன்றுவிடுகிறது. அப்படி உருவாகும் புரதம் நிலைப்பதில்லை, விரைவில் சிதைந்துவிடுகிறது.

ஒட்டும் இழை

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், கார்ல்ஸ்பாட் நகரில், ஸ்டான்லி குரூக் 1989-இல் ஓர் உயிரித்தொழில்நுட்ப நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று அதன் பெயர் அயோனிஸ். ஆர்.என்.ஏ.வில் குறித்த இடத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் சிறு இழைகளை மருந்தாக்குவதே அதன் நோக்கம். அங்கு பணியாற்றிய ஃபிராங்க் பென்னட்டும், கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தின் ஏட்ரியன் கிரைனரும் 2004-இல் கைகோத்தனர்.

ஏழாம் பெட்டியைக் கழற்றத் தூண்டும் புரதங்கள் ஆர்.என்.ஏ.வில் அதன் அருகே அமர்கின்றன. அவ்விடத்தை மூடிவிட்டால்? 18 எழுத்து நீளமுள்ள ஓர் இழை அவ்வேலையைச் செய்தது. பெட்டி கழலவில்லை, முழுப் புரதம் உருவாயிற்று! நியூசினெர்சென் என்பது இம்மருந்தின் பெயர்.

இதை விழுங்கினால் பயனில்லை. மூளை, தண்டுவடத்தின் இரத்தக்குழாய்ச் சுவர்கள் மிக நெருக்கமானவை. இவ்விழை அவற்றைக் கடக்காது. எனவே இடுப்புப் பகுதியில் ஊசியேற்றி, தண்டுவடத்தைச் சூழ்ந்த திரவத்திலேயே செலுத்துகின்றனர்.

சோதனையும் விலையும்

கடுமையான வகை கண்ட குழந்தைகளிடம் இது சோதிக்கப்பட்டது. மருந்து பெற்ற 73 பேரில் 37 பேர் தலையை நிறுத்துதல், புரளுதல் போன்ற வளர்ச்சிப் படிகளில் முன்னேறினர். மருந்து பெறாத 37 பேரில் ஒருவரும் முன்னேறவில்லை. இடையில் கணக்கிட்டபோதே பயன் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே சோதனையை முன்கூட்டியே நிறுத்தி, மற்றக் குழந்தைகளுக்கும் மருந்து கிடைக்க வழி செய்தனர். 2016 டிசம்பரில் அமெரிக்க அரசு இம்மருந்தை அனுமதித்தது.

இது நோயை அடியோடு நீக்குவதில்லை. அழிந்த நரம்பணு மீண்டும் வராது. எனவே அறிகுறிகள் தோன்றும் முன்பே, பிறந்த சில வாரங்களில் தொடங்கினால் பயன் மிகுதி. நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஊசியும் தொடரவேண்டும்.

இன்னொரு தடை விலை. விற்பனைக்கு வந்தபோது முதல் ஆண்டுக்குரிய 6 ஊசிகளுக்கு 7,50,000 டாலர் விலை குறிக்கப்பட்டது. இந்நோய்க்கு 2019-இல் மரபணு மருத்துவமும், 2020-இல் வாய்வழி மருந்தும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. அவையும் மலிவானவை அல்ல.

ஏழாம் பெட்டியை நிறுத்தும் வழி தெரிந்துவிட்டது. அதை ஏழை வீட்டுக் குழந்தைக்கும் எட்டச் செய்யும் வழியையும் கண்டுபிடித்தாக வேண்டும் அல்லவா?