நோயின் பெயரும் நோயாளியின் புரிதலும்

புதுக்கோட்டையில் 1886-ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் மட்டுமே பயின்றுவந்த மன்னர் கல்லூரியில் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் அனுமதியோடு சேர்ந்து படித்தவர். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவரை விட்டு அகலவில்லை. அவருடைய இடைவிடாத முயற்சியால் 1954-இல் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது. அவர் எதிர்த்து நின்ற அந்த நோய்க்கு ஆங்கிலப் பெயர் நண்டு. தமிழ்ப் பெயர் புற்று.

கட்டியைச் சுற்றிப் புடைத்து நிற்கும் இரத்தக் குழாய்கள் நண்டின் கால்களைப் போலத் தோன்றியதால், பண்டைய கிரேக்க மருத்துவர்கள் இந்நோயைக் 'கார்கினோஸ்' என்றனர். நண்டைக் குறிக்கும் சொல் அது. உரோமானியர் அதைத் தம் மொழியில் 'கேன்சர்' என்று பெயர்த்தனர். கடக ராசிக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர் வழங்குவது இதனால்தான்.

தமிழ் மரபு நண்டைத் தேடிச் செல்லவில்லை. செம்மண் காட்டில் நடப்பவர் எவரும் அறிந்த கறையான் புற்றே இங்கு உவமையாயிற்று. மேலே தெரிவது சிறிது. கீழே பரவியிருப்பது பெரிது. மேற்பகுதியை மட்டும் இடித்தால் மீண்டும் எழும். நோயின் இயல்பை இவ்வளவு சுருக்கமாக உணர்த்தும் சொல் அரிது.

ஆயினும், இதே உவமை அச்சத்தையும் வளர்க்கக்கூடும். புற்றைக் கலைத்தால் பெருகும் என்ற எண்ணத்தில், கட்டியில் கத்தி படக்கூடாது என்று அஞ்சுவோர் இன்றும் உள்ளனர். முறையாகச் செய்யப்படும் திசு ஆய்வினால் நோய் பரவுவது மிகமிக அரிது. தாமதம் செய்வதே பேராபத்து. 'பயாப்சி' என்ற சொல்லைக் கேட்டதும் நோயாளி கலங்குகிறார். 'உயிர்', 'காணுதல்' என்ற பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கையே அது. 'சிறிதளவு திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்போம்' என்று மருத்துவர் கூறினால், பாதிக் கலக்கம் அங்கேயே தீர்ந்துவிடும்.

நீரிழிவின் கதை வேறு. இழிதல் என்றால் கீழ்நோக்கி வழிதல். உடலின் நீர் அடிக்கடி சிறுநீராக வழிந்து போவதால் அது நீரிழிவு. கிரேக்கத்தின் 'டயாபடீஸ்' என்ற சொல்லுக்கும் ஊடே கடந்து செல்வது என்பதே பொருள். அதனுடன் பின்னர் சேர்ந்த 'மெலிட்டஸ்' தேனின் இனிமையைச் சுட்டும். வடமொழியின் 'மதுமேகம்' என்ற பெயரிலும் தேன் உண்டு. தொலைவிலிருந்த இரு மருத்துவ மரபுகளும் ஒரே அறிகுறியைக் கண்டு ஒரே விதமாகப் பெயரிட்டது வியப்புக்குரியது. இன்றோ நாம் 'சர்க்கரை நோய்' என்கிறோம். எளிய பெயர்தான், ஆனால், தேநீரில் சர்க்கரையை விட்டுவிட்டால் போதும் என்று எண்ணி, மூன்று வேளையும் சோற்றை அளவின்றி உண்போருக்கு அப்பெயரே வழிதவறச் செய்கிறது.

பெயர்கள் பழைய பிழைகளையும் சுமந்து வருகின்றன. 'மலேரியா' என்றால் இத்தாலிய மொழியில் கெட்ட காற்று. சதுப்பு நிலத்தின் காற்றே காய்ச்சலைத் தருகிறது என்று நம்பிய காலத்துச் சொல் அது. 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் உடலில் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்த பின்னரும் பெயர் மாறவில்லை. 'ஆர்ட்டரி' என்ற சொல் கிரேக்கத்தில் மூச்சுக்குழாயையும் குறித்தது. இறந்த உடலில் தமனிகள் வெறுமையாக இருந்ததால், அவை காற்றைச் சுமப்பவை என்று முன்னோர் கருதினர். நாம் வழங்கும் 'தமனி'யும் ஊதுதல் என்ற பொருளுடைய வடமொழி வேரிலிருந்து பிறந்ததே.

மருத்துவத்தைத் தமிழில் சொல்லும் முயற்சி புதிதன்று. 1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' முதலிய நூல்கள் அவர் முயற்சியால் வெளிவந்தன. 'அங்காதிபாதம்' இன்று வழக்கொழிந்து 'உடற்கூறியல்' நிலைத்துவிட்டது. எந்தச் சொல் வாழும் என்பதை அகராதி முடிவு செய்வதில்லை. பயன்பாடே முடிவு செய்கிறது.

எனவே, உலகப் பொதுச் சொற்களை விலக்க வேண்டும் என்பதன்று நம் வாதம். மருந்துச் சீட்டிலும் ஆய்வறிக்கையிலும் அவை தேவை. ஆனால், நோயாளி கையொப்பமிடும் ஒப்புதல் படிவம் அவருக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும். முத்துலட்சுமி பிறந்த புதுக்கோட்டையில் இன்று அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அங்கும் பிற கல்லூரிகளிலும் பயிலும் மாணவர்கள், ஒவ்வொரு கலைச்சொல்லைக் கற்கும்போதும் அதைக் கிராமத்து மூதாட்டி ஒருவருக்கு இரண்டு தமிழ் வாக்கியங்களில் விளக்கிப் பழக வேண்டும். தேர்வில் அதற்கும் சில மதிப்பெண்கள் ஒதுக்கலாம். தன் நோய் இன்னதென்று அறிந்தவரே உரிய காலத்தில் சிகிச்சைக்கு வருவார். அதை இடையில் கைவிடாமலும் தொடர்வார்.