இயந்திரம் தந்த பண்டிகை வாழ்த்து



வாணிகத்தின் குரலே விளம்பரம். மற்ற நாள்களில் அக்குரல், 'இப்பொருளை வாங்குக' என்று வெளிப்படையாகக் கூறும். பண்டிகைக் காலத்திலோ அது தன் தொனியை மாற்றிக்கொள்ளும்; விற்பவன் உறவினனைப் போல வாயிலில் வந்து நின்று வாழ்த்துரைப்பான். மேலைநாடுகளில் கிறிஸ்துமஸ் விளம்பரங்களுக்கு உள்ள செல்வாக்கு இவ்வாறு வந்ததே. அத்தகைய விளம்பரங்கள் சில அண்மையில் மக்களின் சினத்துக்கு ஆளாயின. செயற்கை நுண்ணறிவு கொண்டு அவற்றை ஆக்கினர் என்பதே காரணம். இச்சினத்தின் இயல்பு யாது, அதில் நியாயம் எவ்வளவு என்பதை ஆராய்வோம்.

முதலில் நிகழ்ந்தவற்றைக் காண்போம். அமெரிக்காவின் கோகோ கோலா நிறுவனம் 1995ஆம் ஆண்டில் ஒரு விளம்பரப் படத்தை வெளியிட்டது. விளக்குகள் ஒளிரும் சிவப்பு லாரிகள் பனி படர்ந்த இரவில் அணிவகுத்து வரும் காட்சி அது. பல நாடுகளில் அப்படம் பண்டிகையின் வருகைக்கே அறிகுறியாகிவிட்டது. 2024 நவம்பரில் அந்நிறுவனம் அதே காட்சியைச் செயற்கை நுண்ணறிவால் புதிதாக ஆக்கியது. கண்டனம் எழுந்தது. ஆயினும் 2025இலும் அது அவ்வழியையே பின்பற்றியது. அவ்வாண்டு டிசம்பரில் மக்டொனால்ட்ஸ் நிறுவனத்தின் நெதர்லாந்துக் கிளையும், பண்டிகைக் காலத் தொல்லைகளை நகைச்சுவையாகக் காட்டும் 45 விநாடிப் படம் ஒன்றை இம்முறையில் ஆக்கி வெளியிட்டது. எதிர்ப்பு மிகவே, சில நாள்களில் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

மக்களின் குறைகளை மூன்றாக வகுக்கலாம். முதலாவது, வடிவக் குறை. படம் ஆக்கும் கருவிக்கு லாரி என்பது இன்னது என்று நம்மைப் போலத் தெரியாது. மிகப் பல படங்களைக் கொண்டு பயிற்றப்பெற்ற அது, எந்த வடிவத்தை அடுத்து எந்த வடிவம் வரும், எந்த அசைவை அடுத்து எந்த அசைவு வரும் என்னும் பாங்கையே கற்றுள்ளது. ஒரு முறைக்குச் சில விநாடிக் காட்சியைத் தரும். அத்துண்டுகளை ஒட்டிப் படமாக்குகின்றனர். ஒரு துண்டில் காட்டியதை அடுத்த துண்டில் பிறழாமல் காட்டுவது அதற்கு அரிது. ஆகவேதான் 2024ஆம் ஆண்டுப் படத்தில் லாரி நகர்ந்தும் சக்கரம் சரிவரச் சுழலவில்லை. 2025ஆம் ஆண்டுப் படத்தில் லாரியின் வடிவமும் சக்கரங்களின் எண்ணிக்கையும் காட்சிக்குக் காட்சி வேறுபட்டன.

இரண்டாவது, பிழைப்புப் பற்றிய அச்சம். 2023இல் ஹாலிவுட்டின் எழுத்தாளர்களும் நடிகர்களும் பல மாதங்கள் வேலைநிறுத்தம் செய்தனர். இக்கருவிகளின் பயன்பாட்டுக்கு வரம்பு வேண்டும் என்பது அவர்களுடைய முதன்மையான கோரிக்கைகளுள் ஒன்று. தம் இசைவைப் பெறாமலே தம் படைப்புகளைக் கொண்டு கருவியைப் பயிற்றி, பின்னர் அக்கருவியால் தம் வேலையையே பறிக்கின்றனர் என்பது ஓவியர் பலரின் முறையீடு. மூன்றாவது, உள்ளம் பற்றியது. அன்பைப் பேசும் செய்தியை அன்பறியாத பொறியிடம் ஒப்படைக்கலாமா என்பது அது.

எதிர்த் தரப்பையும் கேட்பதே நடுவுநிலை. 2024ஆம் ஆண்டுப் படத்தைப் பொதுமக்களிடம் காட்டிக் கருத்தறிந்த சிஸ்டம் ஒன் என்னும் ஆய்வு நிறுவனம் அதற்கு மிக உயர்ந்த மதிப்பெண் அளித்தது. பார்த்தவர் அனைவரும் வெறுத்தனர் என்பது உண்மையன்று. உழைப்பின்றி ஆக்கினர் என்பதும் பொருந்தாது. 2025ஆம் ஆண்டுப் படத்துக்காக 70,000க்கு மேற்பட்ட காட்சித் துண்டுகளை உருவாக்கி, அவற்றிலிருந்து தேர்ந்தனர் என்று செய்தி வந்தது. நெதர்லாந்துப் படத்தை ஆக்கியோரும் தாம் பல வாரம் பாடுபட்டதாகவே கூறினர்.

அங்ஙனமாயின் குறைந்தது யாது? இதே கோகோ கோலா நிறுவனத்தின் பழைய வரலாறு இதற்கு விடை தரும். 1931 முதல் 1964 வரை அதன் விளம்பரங்களுக்குக் கிறிஸ்துமஸ் தாத்தாவை வரைந்தவர் ஹேடன் சண்ட்ப்ளாம் என்னும் ஓவியர். தொடக்கத்தில் ஓய்வுபெற்ற விற்பனையாளரான தம் நண்பரை அமர்த்தி, அவர் முகத்தை நோக்கி வரைந்தார். நண்பர் மறைந்தபின் கண்ணாடியில் தம் முகத்தையே நோக்கினார். ஓராண்டு தாத்தாவின் இடைவார் திசைமாறி அமைந்தது. மக்கள் அதைக் கண்டு கடிதம் எழுதினர் என்று அந்நிறுவனத்தாரே கூறுவர். கண்ணாடியைப் பார்த்து வரைந்ததால் நேர்ந்த பிழையாக அது இருக்கலாம்.

நெடுங்காலம் விடைத்தாள் திருத்தியவன் நான். தானே சிந்தித்து எழுதிய மாணவனின் பிழை, அவன் சிந்தனை சென்ற வழியைக் காட்டும். ஆகவே அதைத் திருத்த இயலும். பார்த்தெழுதியவனின் பிழைக்குப் பின்னால் வழி எதுவும் இராது. இடைவார் மாறிய ஓவியத்துக்குப் பின்னால் கண்ணாடி முன் அமர்ந்த ஒரு மனிதரை நாம் காண்கிறோம். சக்கரம் மாறிய லாரிக்குப் பின்னால் அத்தகைய மனிதர் எவரும் இலர். பல்லாயிரம் துண்டுகளிலிருந்து தேர்வது உழைப்புத்தான். ஆனால் ஒரு முகத்தை ஊன்றி நோக்குவது வேறு வகை உழைப்பு. மக்கள் தேடியது இந்த நோக்குதலையே என்பது என் கருத்து.

நாளை உங்களுள் பலர் இக்கருவிகளைக் கையாள்வீர்கள். அதனை நான் தடுக்கவில்லை, தடுக்கவும் இயலாது. ஆனால், பிறர்க்கு ஒன்றை அளிக்குமுன், 'இதில் நான் என் கண்ணால் கண்டது யாது? பிறர் உழைப்பை எடுத்திருப்பின் அதற்குரிய கைம்மாறு செய்தேனா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். இவ்விரு வினாக்களுக்கும் நேர்மையாக விடை கூற வல்லவனுக்குக் கருவி ஏவலாளாக இருக்கும். கேளாதவனுக்கு அதுவே எசமானாகிவிடும்.