சிறு அலுவலகத்தின் கணினி (பகுதி 9): புள்ளி வைத்த முகவரியும் பொய் எச்சரிக்கையும்

சென்ற வாரம், ஓர் அலுவலகத்தின் கோப்புகளையெல்லாம் ஒரே இடத்தில் வைத்து, எல்லாக் கணினிகளிலிருந்தும் திறக்கும் வழியைப் பார்த்தோம். அப்படி ஒழுங்குபடுத்திய மறுநாளே பல இடங்களில் ஒரு தொல்லை தொடங்கிவிடும்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் உள்ள கணக்காளர் அலுவலகம் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரின் வரிக் கணக்கு, சம்பளப் பட்டியல், எக்செல் தாள் எல்லாம் மூலையில் இருக்கும் ஒரு சேமிப்புப் பெட்டியில். அதிலிருந்து ஒரு சிறு புரோகிராமைத் திறந்தால் "இதை உண்மையிலேயே திறக்க வேண்டுமா?" என்று ஒரு பெட்டி எழும்புகிறது. எக்செல் தாளைத் திறந்தால் மேலே மஞ்சள் பட்டை. மெக்ரோ உள்ள தாள் என்றால் அது ஓடவே மறுக்கிறது. கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிப் பக்கத்து அச்சகம் ஒன்றில் இன்னொரு விதம். போல்டருக்குள் இருக்கும் பிடிஎஃப் கோப்புகளைத் திறக்காமலே ஓரத்தில் பார்த்து, சரியான அழைப்பிதழைத் தெரிவுசெய்து பழகியவர்களுக்கு, இப்போது படத்துக்குப் பதில் "இந்தக் கோப்பு உங்கள் கணினிக்குத் தீங்கு செய்யலாம்" என்ற வரிதான் தெரிகிறது. 2025 ஒக்டோபர் 14 முதல் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டுகள் செய்த மாற்றம் அது.

கோப்பு நம்முடையது, நாமே தயாரித்தது, பத்தடி தூரத்தில் இருக்கும் பெட்டியில் கிடப்பது. பிறகு ஏன் இந்தப் பயமுறுத்தல்?

விண்டோஸ் உலகத்தை ஐந்து வலயங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. 0 இந்தக் கணினி. 1 அலுவலகத்துக்குள் இருக்கும் வலையமைப்பு. இதற்கு லோக்கல் இன்ட்ரானெட் என்று பெயர். 2 நாம் நம்பிக்கைக்குரியது எனச் சேர்த்த இடங்கள். 3 இணையம். 4 தடைசெய்யப்பட்ட இடங்கள். கோப்பு எந்த வலயத்திலிருந்து வருகிறதோ, அதற்கேற்ப எச்சரிக்கை. முகவரியில் புள்ளி இல்லாவிட்டால் உள்ளூர் என்றும், புள்ளி இருந்தால் இணையம் என்றும் எடுத்துக்கொள்வது விண்டோஸின் பழைய கணிப்பு. நம் அலுவலகங்களில் அந்தச் சேமிப்புப் பெட்டியை 192.168.1.20 போன்ற ஐ.பி. இலக்கத்தால்தான் பெரும்பாலும் இணைத்து வைக்கிறோம். அதில் மூன்று புள்ளிகள். பத்தடி தூரத்துப் பெட்டி, விண்டோஸின் கணக்கில் எங்கோ தொலைவில் இருக்கும் அந்நிய இணையத்தளமாகிவிடுகிறது. பெரிய நிறுவனங்களைப் போல டொமைன் அமைப்பு இல்லாத சிறு அலுவலகக் கணினிகளில் லோக்கல் இன்ட்ரானெட் வலயமே ஆரம்பத்தில் முடக்கப்பட்டிருக்கும் என்பதால், புள்ளியில்லாத பெயரால் இணைத்தாலும் சிலவேளை இதே கதைதான்.

இது வெறும் எரிச்சல் என்று விட்டுவிடக் கூடாது. அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினி எச்சரிக்கைகளைப் பார்ப்பவர்களின் மூளையை எஃப்.எம்.ஆர்.ஐ. மூலம் படம்பிடித்து 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதே எச்சரிக்கையை இரண்டாவது முறை காணும்போதே மூளையின் பார்வைச் செயற்பாடு சடுதியாகக் குறைந்திருந்தது. போர்க்காலத்தில் கொழும்பின் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டிப் பழகியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாளும் நடந்தால் கைதான் நீளும், மனம் வேறெங்கோ இருக்கும். ஒரு நாளைக்கு நாற்பது பொய் எச்சரிக்கைக்கு "ஓம்" சொல்லிப் பழகிய விரல், நாற்பத்தோராவதாக வரும் உண்மையான எச்சரிக்கைக்கும் "ஓம்" என்றே சொல்லும்.

அந்த ஒரு கிளிக்கின் விலை என்ன ஆகலாம் என்பதை இந்த நகரம் பார்த்திருக்கிறது. 2023 ஓகஸ்ட் 26 அன்று லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் எனப்படும் அரச கணினிக் கட்டமைப்பைக் கப்பம் கேட்கும் ரான்சம்வெயார் தாக்கியது. அரச மின்னஞ்சல் கணக்குகள் ஏறத்தாழ 5,000 பாதிக்கப்பட்டன. அந்த ஆண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான அஞ்சல்கள் தொலைந்தன. அக்காலத்துக்கான மாற்றுப் பிரதி இருக்கவில்லை. மின்னஞ்சல் சேர்வரில் ஓடிய மென்பொருள் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. முந்திய வாரங்களில் ஊழியர்களுக்குச் சந்தேகத்துக்கிடமான இணைப்புகள் வந்ததாகவும், யாராவது அதைத் திறந்திருக்கலாம் என்றும் அப்போது பேசப்பட்டது. அரசாங்கத்துக்கே அந்த நிலை என்றால், ஒரே ஒரு சேமிப்புப் பெட்டியை நம்பியிருக்கும் ஆறு பேர் அலுவலகத்துக்கு?

ஆகவே எச்சரிக்கையின் வாயை அடைக்காமல், அது தவறாக எழும் காரணத்தைத் திருத்த வேண்டும். செய்ய வேண்டியவை இவை.

முதலில் சேமிப்புப் பெட்டிக்குப் புள்ளியில்லாத எளிய பெயர் ஒன்று வையுங்கள். இணைப்புகளையும் ஷோர்ட்கட்களையும் இலக்கத்திலிருந்து அந்தப் பெயருக்கு மாற்றுங்கள். மின்வெட்டுக்குப் பிறகு ரவுட்டர் எழும்பும்போது இலக்கம் மாறிவிடலாம் என்பதால், ரவுட்டரிலும் அந்தப் பெட்டிக்கு ஒரு நிலையான இலக்கத்தை ஒதுக்கி வையுங்கள்.

அடுத்து ஸ்டார்ட் மெனுவில் இன்டர்நெட் ஒப்ஷன்ஸ் என்று தேடித் திறந்து, செக்கியூரிட்டி, லோக்கல் இன்ட்ரானெட், சைட்ஸ், அட்வான்ஸ்ட் என்ற வரிசையில் செல்லுங்கள். சேர்வர் சரிபார்ப்பைக் கேட்கும் கட்டத்தில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிட்டு, ஆங்கிலத்தில் ஃபைல் என்ற சொல், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, அதையடுத்துப் பெட்டியின் பெயர் எனத் தட்டச்சிட்டுச் சேருங்கள். இலக்கத்தால் இணைப்பதைத் தவிர்க்கவே முடியாதென்றால் அந்த ஒரு இலக்கத்தை மட்டும் இதேபோலச் சேர்க்கலாம். இந்த அமைப்பு ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் தனித்தனி. எனவே கணினியைப் பகிர்ந்து பயன்படுத்துவோர் ஒவ்வொருவரின் கணக்கிலும் செய்ய வேண்டும். டொமைன் இருக்கும் இடத்தில் நிர்வாகி குரூப் பொலிசி வழியாக ஒரே தடவையில் எல்லாருக்கும் அனுப்பிவிடலாம்.

இவ்வளவு செய்த பிறகும் சில கோப்புகளுக்கு மட்டும் எச்சரிக்கை வந்தால், அது பொய் அல்ல. 2004 ஓகஸ்டில் வந்த எக்ஸ்.பி. சேர்விஸ் பெக் 2 தொடக்கம், இணையத்திலிருந்து இறக்கிய கோப்போடு 'வலயம் 3' என்ற மறைகுறிப்பையும் விண்டோஸ் ஒட்டி வைக்கிறது. அந்தக் கோப்பை உங்கள் பெட்டிக்கு நகர்த்தினாலும் குறிப்பு கூடவே போகலாம். யார் அனுப்பியது, எதற்காக என்று தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்த பிறகே, கோப்பின் புரொபர்டீஸில் அன்புளொக் என்ற கட்டத்தைத் தெரிவுசெய்யுங்கள். 2022 ஜூலை முதல் ஒஃபிஸ், இப்படிக் குறியிடப்பட்ட கோப்புகளின் மெக்ரோக்களைத் தானாகவே தடுப்பதும் இந்தக் காரணத்துக்காகத்தான்.

அச்சகக்காரர்கள் கவனிக்க: சாதாரண பென்டிரைவ்களில் அந்த மறைகுறிப்பு தங்காது. வாடிக்கையாளர் பென்டிரைவில் கொண்டுவரும் கோப்பு எச்சரிக்கை இல்லாமலே திறக்கும். ஆகையால் எச்சரிக்கை இல்லை என்பது பாதுகாப்புக்குச் சான்று ஆகாது. வைரஸ் சோதனை முடிந்த பிறகே அதைப் பொதுப் போல்டருக்குள் விடுங்கள்.

தொல்லை தாங்காமல் சிலர் குறுக்குவழி தேடுவார்கள். எக்ஸ்ஈ கோப்புகளை ஆபத்துக் குறைந்த வகையாகப் பதிவது, மறைகுறிப்பை ஒட்டவே வேண்டாம் என்று கட்டளையிடுவது, வலையமைப்பு முழுவதையும் ஒரே வரியில் நம்பிக்கை வலயத்துக்குள் போடுவது. மூன்றும் பொய் எச்சரிக்கையோடு உண்மையான எச்சரிக்கையையும் கொன்றுவிடும். லோக்கல் இன்ட்ரானெட் வலயத்தில் உள்ள தளம் உள்நுழைவு கேட்டால், விண்டோஸ் உங்கள் கணக்கின் சான்றைத் தானாகவே கொடுத்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். 2017 மே 12 அன்று உலகெங்கும் பரவிய வானாக்ரை என்ற ரான்சம்வெயார், கோப்புப் பகிர்வுக்கு விண்டோஸ் பயன்படுத்தும் அதே எஸ்.எம்.பி. வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது. அதை அடைக்கும் அப்டேட் இரண்டு மாதம் முன்பே வந்திருந்தது. உள்ளே இருப்பதெல்லாம் சுத்தம் என்ற எண்ணத்தை அன்றே கைவிட்டிருக்க வேண்டும். நம்புவது ஒரே ஒரு பெட்டியாக இருக்கட்டும், அதுவும் பெயர் சொல்லி.

எல்லாம் முடிந்ததும் ஒரு வேலை மிச்சம். அலுவலகத்தில் உள்ளவர்களைக் கூட்டி, இந்த எச்சரிக்கைப் பெட்டி இனி நாளாந்தம் வராது, வந்தால் கையை எடுத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள் என்று தமிழில், பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள். ஆங்கிலத்தில் வரும் அந்த வரியின் பொருளையும் விளக்குங்கள். கூப்பிட்டவர் காரணமில்லாமல் கூப்பிட்டிருந்தாலும் கடிந்துகொள்ளாதீர்கள். கடிந்தால் அடுத்த முறை கேட்கமாட்டார், திறந்துவிடுவார்.

அடுத்த வாரம்: 2023இல் அரச மின்னஞ்சலுக்கு இல்லாமற்போன மாற்றுப் பிரதியை, ஒரு சிறு அலுவலகம் குறைந்த செலவில் வைத்திருப்பது எப்படி?