பெல்ட்டில் பூத்த பூசணம்

அடைமழை விட்டு, நாலு நாள் லீவு முடிந்து பள்ளிக்குக் கிளம்புகிறீர்கள். பீரோ ஓரத்தில் தொங்கிய தோல் பெல்ட்டை எடுத்தால், அதன் மேல் சாம்பலும் பச்சையுமாக ஏதோ பூத்திருக்கிறது. "பூசணம்தான், துடைச்சுட்டுப் போட்டுக்கோ" என்கிறார் அம்மா. துடைத்ததும் போய்விடுகிறது. அடுத்த வாரம் அதே இடத்தில் மறுபடியும்!

பூசணம் ஒரு பூஞ்சை. பார்க்கச் செடி மாதிரி இருந்தாலும் அதற்குப் பச்சையம் கிடையாது; வெயிலில் உணவு தயாரிக்கத் தெரியாது. அதனால் உட்கார்ந்த இடத்தையே தின்கிறது. நொதிகளை வெளியே கசியவிட்டு, தோலையோ மரத்தையோ காகிதத்தையோ கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. நாம் சாப்பிட்டுவிட்டுச் செரிக்கிறோம். அது செரித்துவிட்டுச் சாப்பிடுகிறது. இதற்காக மெல்லிய இழைகளைப் பொருளுக்குள்ளேயே இறக்கியிருக்கும். நீங்கள் துடைத்தது மேலே தெரிந்த தூளை மட்டும்தான்.

அந்தத் தூளில் நிறைய இருப்பவை ஸ்போர் எனப்படும் வித்துகள். பெரும்பாலானவை 2 முதல் 10 மைக்ரான் அளவுதான். நம் தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான். இதைப் படிக்கும்போதுகூடச் சில உங்கள் மூக்குக்குள் போயிருக்கும். பயப்படாதீர்கள், கொஞ்சமாக வந்தால் உடம்பே சமாளித்துவிடும். ஓதம் காத்த அறையில் அவை பெருகும்போதுதான் தொல்லை. சிலருக்கு ஓயாத தும்மல், கண் அரிப்பு, இருமல். ஆஸ்துமா இருந்தால் வீசிங் கூடும். ஈரம் தேங்கிய வீடுகளில் வசிப்பவர்களுக்கு மூச்சுத் தொல்லைகள் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2009இல் எச்சரித்தது.

சாப்பாட்டில் வரும் பூசணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்துப்போயின. தீவனத்தில் இருந்த நிலக்கடலையில் வளர்ந்த பூஞ்சைதான் காரணம். அது சுரந்த அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. பூசணம் பிடித்த கடலையைக் குப்பையில் போடுங்கள். பிரெட் என்றால், பச்சைப் புள்ளியை மட்டும் கிள்ளிவிட்டுத் தின்கிற வேலை வேண்டாம்.

வீட்டுச் சுவரில் பூசணம் பிடித்தால் என்ன செய்வது? காய்ந்த துடைப்பத்தால் தட்டினால் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். பெரியவர்கள் மாஸ்க் போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உடனே காயவிட வேண்டும். பிளீச்சிங் பவுடரோடு கழிவறை ஆசிட்டைக் கலக்கவே கூடாது. குளோரின் என்ற விஷ வாயு கிளம்பும். பூசணத்தின் மேலேயே பெயிண்ட் அடிப்பது வீண் செலவு, சில மாதங்களில் உரிந்து விழும். மழைக்காலம் முடிந்து, பொங்கலுக்கு முன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்களே, அது கெட்டிக்காரத்தனம். புதுச் சுண்ணாம்பின் காரத்தன்மையில் பூஞ்சையால் எளிதில் வளர முடியாது.

ஆனால் ஈரம் இருக்கும்வரை பூசணம் திரும்பி வரும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று நீங்களே துப்புத் துலக்கலாம். கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தாள் ஒன்றை, பூசணம் பிடித்த சுவரிலேயே, அது இல்லாத இடத்தில் வைத்து, நாலு ஓரமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர்த்துளி கோத்திருந்தால், ஓதம் சுவருக்குள்ளிருந்து வருகிறது: குழாய்க் கசிவோ, மொட்டைமாடி விரிசலோ இருக்கலாம். கொத்தனாரையோ பிளம்பரையோ கூப்பிடச் சொல்லுங்கள். உங்களைப் பார்த்த பக்கம் ஈரமாக இருந்தால், அறைக் காற்றில்தான் ஈரம் அதிகம். ஈரத்துணியை உள்ளே காயப்போடாதீர்கள். மழை வெறித்ததும் ஜன்னலைத் திறந்து வையுங்கள். பீரோவையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க அப்பாவிடம் சொல்லுங்கள்.