இரட்சிப்பின் நிச்சயம்

இரட்சிப்பின் நிச்சயம் என்பது, தன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன, தான் கடவுளால் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறேன் என்று ஒரு கிறிஸ்தவர் கொள்ளும் உறுதியைக் குறிக்கும் இறையியல் சொல்லாகும். தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபையினர் 'இரட்சிப்பு' என்பதைக் கத்தோலிக்கர் 'மீட்பு' என்பர். "நீங்கள் இரட்சிக்கப்பட்டீர்களா?" என்பது நற்செய்திக் கூட்டங்களில் பரவலாகக் கேட்கப்படும் கேள்வி. அதற்கு ஒருவர் உறுதியாகப் பதில் சொல்ல முடியுமா, எதை வைத்துச் சொல்வது என்பதே இக்கோட்பாட்டின் மையம்.

விவிலிய அடிப்படை

நித்திய ஜீவன் தங்களுக்கு உண்டு என்பதை விசுவாசிகள் அறியும்படி எழுதுவதாக 1 யோவான் 5:13 கூறுகிறது. ரோமர் 8:16 ஆவியானவரின் உள்ளான சாட்சியைப் பேசுகிறது. எச்சரிக்கும் பகுதிகளும் உண்டு. நிற்கிறதாக எண்ணுகிறவன் விழாதபடி பார்க்க வேண்டும் என்கிறது 1 கொரிந்தியர் 10:12. கிறிஸ்துவை 'ஆண்டவரே' என்று அழைத்த எல்லோரும் பரலோகம் சேர்வதில்லை என்கிறது மத்தேயு 7:21. இந்த இரு வகைப் பகுதிகளையும் எப்படி இணைத்து வாசிப்பது என்பதில்தான் சபைகள் வேறுபடுகின்றன.

சபைகளின் நிலைப்பாடுகள்

கத்தோலிக்கம்: திரிதெந்து பொதுச்சங்கம் 1547-இல் வெளியிட்ட ஆணையின்படி, தனிப்பட்ட வெளிப்பாடு பெற்றாலன்றி, இறுதிவரை நிலைத்திருப்பேன் என்று எவரும் தவறற்ற உறுதியுடன் சொல்ல இயலாது. ஆனால் கடவுளின் உதவிமேல் உறுதியான நம்பிக்கை வைக்க வேண்டும் என்றும் அதே ஆணை கூறுகிறது.

சீர்திருத்த மரபு: விசுவாசம் என்பதே கடவுளின் தயவைப் பற்றிய உறுதியான அறிவு என்றார் கால்வின். தெரிந்துகொள்ளப்பட்டதைத் தன்னுள் தேடாமல் கிறிஸ்து என்ற கண்ணாடியில் பார்க்க வேண்டும் என்பது அவருடைய விளக்கம். 1646-இல் நிறைவுற்ற வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையின் 18-ஆம் அதிகாரம், உண்மையான விசுவாசிகூட இந்த நிச்சயத்தைப் பெற நீண்டகாலம் போராடலாம், பெற்ற பின்னும் அது தளரலாம் என்று ஒப்புக்கொள்கிறது.

மெதடிசம்: ஜான் வெஸ்லி 1738 மே 24 அன்று லண்டனில் நடந்த ஒரு கூட்டத்தில் தன் பாவங்கள் நீக்கப்பட்டன என்ற உறுதியைப் பெற்றார். அவர் போதித்தது இப்போதைய மன்னிப்பைப் பற்றிய நிச்சயம். விசுவாசி பின்னர் விழுந்துபோகக் கூடும் என்றும் அவர் கருதினார்.

கத்தோலிக்க, லுத்தரன் சபைகள் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் கையெழுத்திட்ட கூட்டு அறிக்கையில் இந்நிச்சயத்துக்கென ஒரு பகுதி உள்ளது. தன் பலவீனத்தைப் பார்க்கும்போது விசுவாசிக்கு ஐயம் எழலாம், ஆனால் கடவுளின் வாக்குறுதியைச் சார்ந்திருக்கலாம் என்பதில் இரு தரப்பும் உடன்பட்டன.

தமிழ் இலக்கியத்தில்

ஜான் பனியனின் 'மோட்சப் பிரயாணம்' (1678) இக்கோட்பாட்டைக் கதையாக்கியது. சிலுவையடியில் பயணியின் முதுகுச் சுமை அவிழ்ந்து விழுகிறது. முத்திரையிட்ட சுருள் ஒன்று தரப்படுகிறது. அச்சுருளே நிச்சயத்தின் அடையாளம். மலையேறும் வழியில் தூங்கிவிட்ட அவன் அதைத் தவறவிடுகிறான். அழுதுகொண்டே திரும்பிச் சென்று மீட்டெடுக்கிறான். சுருளை இழந்திருந்த வேளையிலும் அவன் பயணியாகவே இருந்தான். இதற்கு மாறாக, 'அறியாமை' என்னும் பாத்திரம் கடைசிவரை எந்த ஐயமும் இன்றி நடந்து, சுருள் இல்லாததால் வாசலில் தள்ளப்படுகிறது. ஐயம் அழிவின் அடையாளம் அல்ல, ஐயமின்மை இரட்சிப்பின் ஆதாரமும் அல்ல என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காட்டுகின்றன.

இக்கதையைத் தழுவியே எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தை இயற்றினார். அது 1894-இல் வெளிவந்தது. திருநெல்வேலிப் பகுதியில் வைணவக் குடும்பத்தில் பிறந்த அவர் 1858-இல் திருமுழுக்குப் பெற்றார். 'கிறிஸ்தவக் கம்பர்' என அழைக்கப்படுகிறார்.

வைணவத்துடன் ஒப்பீடு

இதையொத்த கேள்வி தமிழ் வைணவத்திலும் விவாதிக்கப்பட்டது. சென்னைக்குத் தெற்கே, நரசிம்மர் குடைவரைக் கோயிலால் பெயர்பெற்ற சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாகச் செல்லும் சாலை, இராமானுசர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரை அடைகிறது. அவருக்குப் பின் வந்த ஆசாரியர்களிடையே சரணாகதி பற்றிய கருத்து வேறுபாடு எழுந்தது. குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்வதுபோல உயிரும் பற்ற வேண்டும் என்பது வடகலையார் உவமை. பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வதுபோல இறைவனே காப்பான் என்பது தென்கலையார் உவமை. சரணடைந்தவருக்கு வீடுபேறு உறுதி என்பதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர். கிறிஸ்தவம் அந்த உறுதியை இயேசுவின் மரணம், உயிர்த்தெழுதல் ஆகியவற்றின்மேல் நிறுத்துகிறது என்பதே முக்கிய வேறுபாடு.

நடைமுறைச் சிக்கல்கள்

'இரட்சிக்கப்பட்ட நாள்' எது என்று சொல்லத் தெரியாதவர்கள், குறிப்பாகக் கிறிஸ்தவக் குடும்பங்களில் வளர்ந்தோர், தங்கள் விசுவாசத்தையே ஐயுறுவதுண்டு. மனச்சோர்வும் இவ்வச்சத்தைப் பெருக்கும். புகழ்பெற்ற ஞானப்பாடல்களை எழுதிய ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பர் (1731–1800), தான் கடவுளால் கைவிடப்பட்டவன் என்றே நீண்டகாலம் நம்பினார். மறுபுறம், ஒருமுறை செய்த ஜெபத்தை மட்டும் காட்டி, மாற்றமில்லாத வாழ்வுக்கு அமைதி தேடுவோரும் உண்டு. எனவே போதகர்கள் பொதுவாகக் கடவுளின் வாக்குறுதி, ஆவியானவரின் சாட்சி, வாழ்வின் கனிகள் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கின்றனர். இவற்றுள் வாக்குறுதியே அடித்தளம். மற்ற இரண்டும் அதை உறுதிப்படுத்துபவை. பற்றியிருக்கும் கையின் வலிமையை அளப்பதைவிடப் பற்றப்பட்டவர் யார் என்பதை நோக்குவதே நிச்சயத்துக்கு வழி என்பது அவர்கள் தரும் ஆலோசனை.