முன்னால் ஒரு பல் கூட்டினால் வண்டி பறக்குமா?

வீட்டில் பழைய வெட் கிரைண்டர் இருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதன் அடியில் ஒருமுறை எட்டிப் பாருங்கள். மோட்டார் தண்டில் சின்னதாக ஒரு கப்பி, உரலைச் சுற்றும் தண்டில் பெரிய கப்பி, இரண்டையும் இணைக்கும் பெல்ட். மோட்டார் நிமிடத்துக்கு 1400 சுற்றுக்கு மேல் ஓடுகிறது. உரலோ நிதானமாகச் சுழல்கிறது. வேகத்தை விட்டுக்கொடுத்து வலுவை வாங்குகிற ஏற்பாடு. அந்த வலு இல்லாவிட்டால் ஊறிய அரிசி மசியாது.

100 சிசி பைக்கில் கப்பிக்குப் பதில் ஸ்பிராக்கெட், பெல்ட்டுக்குப் பதில் செயின். முன் ஸ்பிராக்கெட் கியர்பாக்ஸிலிருந்து வெளிவரும் தண்டில் இருக்கும். பின் ஸ்பிராக்கெட் பின்சக்கரத்தில். முன்னால் 14 பல், பின்னால் 42 பல் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வண்டியில் ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கலாம்; எண் பெரும்பாலும் ஸ்பிராக்கெட் முகத்திலேயே குத்தியிருக்கும். முன் ஸ்பிராக்கெட் மூன்று சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஒரு சுற்று. விகிதம் 3.

இப்போது மோட்டார் கப்பியைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரியதாக ஒன்றை மாட்டுகிறீர்கள். வெறும் உரல் கிறுகிறுவென்று சுற்றும். பார்க்கவே உற்சாகமாக இருக்கும். ‘முன்னாடி ஒரு பல் ஏத்திட்டா வண்டி பறக்கும்ணே’ என்று கடையில் மெக்கானிக் சொல்வது இந்த வெறும் உரலைப் பார்த்துத்தான். கணக்கும் அவர் பக்கம் இருப்பதுபோலத்தான் தோன்றும். 15-க்கு 42 போட்டால் விகிதம் 2.8. 18 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.85 மீட்டர் உருளும். 80 கிலோமீட்டர் வேகத்துக்கு அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 720 முறை சுழல வேண்டும். முன் ஸ்பிராக்கெட் 14 பல்லில் 2160 சுற்று ஓடிய இடத்தில், 15 பல்லில் 2016 சுற்று போதும். பழைய 2160-ஐயே எட்டினால் வண்டி 85-ஐத் தாண்டியிருக்கும்.

எட்டினால்தானே? உரலில் இன்னும் அரிசியைப் போடவில்லை.

பைக்குக்கு அரைக்க வேண்டிய மாவு காற்றுதான். அதுவும் விசித்திரமான மாவு. வேகமாகச் சுற்றச் சுற்றக் கெட்டியாகிக்கொண்டே போகும். 40-லிருந்து 80-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு. அதை வெல்லத் தேவையான குதிரைத்திறன் எட்டு மடங்கு. 80-லிருந்து 85-க்கு மேலே போக வேண்டும் என்ற சின்ன ஆசைக்கே காற்றுக்காக மட்டும் ஏறக்குறைய 23 சதவீதம் கூடுதல் திறன் வேண்டும். ஒரு பல் ஏற்றியதால் எஞ்சினுக்குள் அரைக் குதிரைகூடப் புதிதாக வந்து சேராது. பின்சக்கரத்துக்குப் போகும் இழுவிசை மட்டும், அதே கியரில், சுமார் 7 சதவீதம் குறையும்.

ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 97.2 சிசி, சுமார் 8 குதிரைத்திறன். அந்த எட்டும் வருவது 8000 ஆர்பிஎம்மில். இழுவை அதிகம் கிடைப்பது அதற்குக் கீழே, 6000-ல். டாப் கியரில், சமதரையில், வண்டி போகக்கூடிய அதிக வேகமும் எஞ்சின் முழுத்திறன் தரும் சுற்றும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் சந்திக்கும்படித்தான் இத்தகைய வண்டிகளுக்குப் பொதுவாகப் பல் எண்ணிக்கையை முடிவு செய்வார்கள். ஒரு பல் கூட்டினால் அதே வேகத்தில் 8000 இருந்த இடத்தில் 7470 தான் இருக்கும். அங்கே எட்டுக் குதிரை கிடையாது, கொஞ்சம் குறைவு. ஆகவே வேகம் கூடாது. சில வண்டிகளில் குறையவே செய்யும். நான்காவது கியரில் தொடாத வேகத்தை மூன்றாவதில் தொட்டுவிடும் வேடிக்கையும் நடக்கும்.

கிரைண்டர் உவமை இந்த இடம் வரைக்கும்தான் வரும். பெரிய கப்பி மாட்டி அரிசியைப் போட்டால் மோட்டார் முனகும், பெல்ட் வழுக்கும், கருகல் வாடை வரும். தவறு உடனே தெரிந்துவிடும். செயின் வழுக்காது. எஞ்சின் சத்தமில்லாமல் தன் சுற்றைக் குறைத்துக்கொள்ளும். அந்த அமைதியைத்தான் பலர் ‘வண்டி ஃப்ரீயா போகுது’ என்கிறார்கள். சொல்வது முழுப் பொய்யுமில்லை. 55, 60-ல் நெடுஞ்சாலையில் ஒரே சீராகப் போகிறவருக்கு அதிர்வு குறையும், எஞ்சின் இரைச்சல் குறையும், மைலேஜும் கொஞ்சம் கிடைக்கலாம். என்னைக் கேட்டால் இந்த மாற்றத்துக்கு உருப்படியான காரணம் அது ஒன்றுதான். டாப் ஸ்பீடு வெறும் சாக்கு.

விலையை ஊருக்குள் கட்ட வேண்டியிருக்கும். முதல் கியரும் சேர்ந்தே நீளமாகிவிடுகிறது. பாலத்து ஏற்றத்தில், டபுள்ஸில், சிக்னலில் நின்று கிளம்பும்போது கிளட்ச்சைப் பாதியில் பிடித்தே இழுக்க வேண்டும்; தட்டு தேயும். ஏற்காட்டுப் பாதையில் மூன்றாவதில் ஏறிய வளைவுக்கு இனி இரண்டாவது வேண்டியிருக்கும்.

நிஜமாகவே வேகம் கூடும் வண்டிகளும் உண்டு. சுமை இழுப்பதற்கென்று பல்லைக் குறுக்கிக் கொடுத்த மாடல்கள், எஞ்சினில் வேலை செய்து திறன் கூட்டிய வண்டிகள் போன்றவை. அடையாளம் எளிது. காற்றில்லாத சமதரையில், டாப் கியரில், எஞ்சின் தன் முழுத்திறன் சுற்றையும் தாண்டி அலறிக்கொண்டிருந்தால் அங்கே ஒரு பல்லுக்கு இடமிருக்கிறது. ரேஸ் டிராக்கில் நேர்கோடு எவ்வளவு நீளம், வளைவுகள் எத்தனை என்று பார்த்து ஸ்பிராக்கெட்டை மாற்றுவதும் இதே கணக்கில்தான்.

மாற்றத் துணிந்துவிட்டால் முன்னால் ஒரு பல்லோடு நிறுத்துங்கள். பின்னால் மூன்று பல் குறைப்பதும் முன்னால் ஒன்று கூட்டுவதும் ஏறத்தாழ ஒன்றுதான். முன் ஸ்பிராக்கெட் மலிவு. இடதுபக்கக் கவரைக் கழற்றினால் மண்ணும் கிரீஸும் சேர்ந்து கறுப்புக் களியாக அப்பியிருக்கும். அதைச் சுரண்டினால் பல 100 சிசி வண்டிகளில் ஒரு சிறு தகடும் இரண்டு போல்ட்டும் தெரியும். பல்லின் நுனி ஒரு பக்கமாகக் கொக்கிபோல் வளைந்திருந்தால் ஸ்பிராக்கெட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. தேய்ந்த செயின் புதுப் பல்லையும் தின்றுவிடும். செட்டாக மாற்றுவதே சரி. புதியது கவரிலோ எஞ்சின் கேஸிலோ உரசுகிறதா என்று கையால் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். ஒரு பல் கூடியதற்குப் பின்சக்கரம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் முன்னால் வரவேண்டும். அட்ஜஸ்டரில் அவ்வளவு இடம் இருக்கும்.

ஸ்பீடோமீட்டர் கேபிள் முன்சக்கரத்திலிருந்து வந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. கியர்பாக்ஸ் தண்டின் சுற்றை எண்ணும் சென்சார் உள்ள வண்டி என்றால் முள் குறைத்துக் காட்டும்: 80 என்று காட்டும்போது போவது 85-க்கு மேல். பழைய 14 பல்லைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த முறை நான்கு மூட்டையோடு சந்தைக்குக் கிளம்பும்போது அதைத்தான் தேடுவீர்கள்.