இரை எடுக்காத பாம்பு: திணிக்காதீர்கள்!

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது பழமொழி. மும்பை போன்ற நகரங்களில் அதையே கண்ணாடிப் பெட்டியில் வைத்து ஆசையாக வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் வெளியூர் போனால், பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அங்கே வேலைக்கு இருக்கும் நம்மவர் தலையில் விழும். "பத்து நாளாகப் பாம்பு எதையும் தொடவில்லையே, செத்துப்போனால் பழி நம் மீது வருமே" என்ற பயத்தில் அதன் வாயைத் திறந்து இறைச்சியைத் திணித்துவிடக் கூடாது. பட்டினிக்குக் காரணம் உண்டு. அதை நீக்கினால் பெரும்பாலும் பாம்பு தானே உண்ணும்.

பந்து மலைப்பாம்பு

இப்படி வளர்க்கப்படும் பாம்புகளில் ஒன்று, மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பந்து மலைப்பாம்பு. பயந்தால் பந்து போலச் சுருண்டுகொள்ளும். விஷம் கிடையாது. ஆனால் இரையை மறுப்பதில் பெயர் பெற்றது. நல்ல உடல்நிலையில் உள்ள பெரிய பாம்பு சில மாதங்கள்கூட உண்ணாமல் இருக்கும்.

நாம் சாப்பிடுவதில் பெரும்பகுதி உடம்புச் சூட்டைக் காக்கவே செலவாகிறது. பாம்போ வெளியிலிருந்து சூட்டை வாங்கிக்கொள்கிறது. ஆகவே அதற்குக் கொஞ்சம் தீனி போதும். ஆனால் சூடு குறைந்தால் விழுங்கியது செரிக்காது, இரையையும் தொடாது.

கவனிக்க வேண்டியவை

பெட்டியின் ஒரு பக்கம் சுமார் 31 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் சுமார் 26 டிகிரி வெப்பம் இருக்க வேண்டும். ஏர்கண்டிஷன் அறையில் இதை மறந்துவிடுகிறார்கள். உடம்பு நெருக்கமாக அடங்கும் இருட்டான மறைவிடம் ஒன்றும் வேண்டும். சட்டை உரிக்கும் முன் பாம்பின் கண் பால் பூத்ததுபோல் மங்கும். அப்போது இரை கொடுக்க வேண்டாம். புதிதாக வந்த பாம்பை ஒரு வாரமாவது கையில் எடுக்கக் கூடாது.

உயிருள்ள எலியை உள்ளே விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். பசித்த எலி பாம்பையே கடித்துக் குதறிவிடும். கொன்ற எலியை வெதுவெதுப்பாக்கி, இரவில் நீண்ட இடுக்கியால் காட்ட வேண்டும். தொடாவிட்டால் எடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்துக் காட்டலாம். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

பால் பாம்புக்கு உணவல்ல. நாகபஞ்சமிக்குக் கூடையில் வரும் பாம்பு பாலைக் குடிப்பது, தண்ணீர் காட்டாமல் வைத்திருந்த தாகத்தால்தான்.

எடைதான் சாட்சி

ரயில்வே பார்சல் ஆபீசில் எடை எழுதாமல் மூட்டை நகராது. பாம்புக்கும் அதே விதிதான். துணிப்பையில் இட்டு வாரம் ஒருமுறை எடை பார்த்து, தேதி போட்டு எழுதி வையுங்கள். எடை குறையாத வரை பயம் வேண்டாம். பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, வாயில் சீழ் தெரிந்தாலோ, மூச்சில் சத்தம் கேட்டாலோ தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வாய் வழியே புகட்டுவது அவர் வேலை.

சட்டம் என்ன சொல்கிறது?

நல்ல பாம்பு, சாரை, நம் நாட்டு மலைப்பாம்பு ஆகியவற்றை வீட்டில் வைத்திருப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பந்து மலைப்பாம்பு வெளிநாட்டு இனம் என்றாலும், 2024-ல் வந்த விதிகளின்படி அதை அரசிடம் பதிவு செய்ய வேண்டும். பெட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால், பதிவு ஆகியிருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பாம்புக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் அதுதான் பாதுகாப்பு.